டி-க்குக் குடிபோதல்

சி நிரம்பிவிட்டது.
சிவப்புப் பட்டை. நானூற்று அறுபத்தைந்தில்
மிச்சம் மூன்றே ஜிபி.

வெளியே கீருனாவில் மைனஸ் இருபத்தேழு.
கார் எஞ்சின் உறையாமல் மின்வயரைச் செருகிவிட்டு வந்து
புது டிரைவின் உறையைப் பல்லால் கிழிக்கிறேன்.
இரண்டு டெராபைட்.
ஒரு ஆரஞ்சுப் பழத்தின் கனம்கூட இல்லை.

போன தடவை ஃபோல்டரை வெட்டி ஒட்டினேன்.
ஆட்டம் டி-யில் கிடந்தது,
ஷார்ட்கட் சி-யின் கதவையே தட்டிக்கொண்டிருந்தது,
இடித்துப்போட்ட தெருவுக்குத்
தபால்கார ஓர்வார்
பழக்கத்தில் வண்டியைத் திருப்புவதைப் போல.
எஸ்கில் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டான்.
'லாஞ்சரிடம் சொல்லு சுன்னா, அதுவே தூக்கிக்கொண்டு போகும்.'

சொன்னேன்.
நூற்று நாற்பத்து மூன்று ஜிபி
மூட்டை முடிச்சோடு கிளம்பியது.
மலைகள், சமிக்ஞை விளக்குகள், ஆயிரம் வகை ரயில் பெட்டிகள்,
நாங்கள் ஒருமுறைகூடப் போகாத பாலைவனம் ஒன்று.
நான்கு சதவீதம்.

எங்கள் வீட்டுக்கும் சீட்டு வந்தாயிற்று.
ஜூனுக்குள் கிளம்ப வேண்டும்.
அடியில் சுரங்கம் தின்றுகொண்டே வருகிறது.
புகார் சொல்ல எனக்கு வாய் ஏது?
ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கல் அள்ளும் லோடரை
மேலே நாற்காலியில் சாய்ந்தபடி
ஓட்டுகிறவள் நான்தான்.
வேலையிலும் ஜாய்ஸ்டிக், வீட்டிலும் ஜாய்ஸ்டிக்.
முப்பத்தொன்று. காபி. ஐம்பத்தெட்டு. இன்னொரு காபி.

தொண்ணூற்றேழில் மணி ஒன்றரை ஆகப்போகிறது.
எனக்கு மறந்துவிட்டது.
அவர்களுக்கு மறக்கவில்லை.
தினமும் இந்நேரம்தான் கீழே வெடி வைப்பார்கள்.

தரை ஒரு முறை தோளைக் குலுக்கியது.
கரண்டி கோப்பைக்குள் கிணுகிணுத்தது.
கேபிளில் கட்டுண்ட அந்தக் கன்றுக்குட்டி
மேசை விளிம்புக்கு நடக்க,
வெண்ணெய் திரளும்போதா தாழி உடைய வேண்டும் என்று
உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தேன்.
சூடாக இருந்தது.
அதன் துடிப்பா என் துடிப்பா, தெரியவில்லை.

ஐலேயிடமிருந்து செய்தி: 'வந்துச்சா?'
இன்றைய வெடி அவள் ஷிஃப்ட்.
'வந்துச்சு. நாசமாப் போ.'

நூறு.
ஆனாலும் முடியவில்லை. 'சரிபார்க்கிறது' என்றது.
அந்த இரண்டு நிமிஷம்
ஆட்டம் இங்கேயும் இருந்தது, அங்கேயும் இருந்தது.
கூடு விட்டுக் கூடு பாய்கிறவனுக்கும்
இந்தச் சலுகை கிடையாது.
வீட்டுக்கும் கிடையாது.
இரும்புச் சட்டத்தில் ஏற்றி
நடக்கிறவனைவிட மெதுவாக இழுத்துப் போவார்கள்.
பாதி வழியில் அது
எந்தத் தெருவின் வீடு?

பிறகு பழையது தானாக அழிந்தது,
சத்தம் இல்லாமல்.

திறந்தேன்.
'தொடர்க' என்ற சொல் மங்கலாக இருந்தது.
வயிறு கலங்கிற்று.
எஸ்கில் லூலியோவுக்கு வேலை மாறிப் போகுமுன்
இரண்டு குளிர்காலம் சேர்ந்து போட்ட தண்டவாளம்,
அவன் வேண்டுமென்றே கோணலாக வைத்த
அந்த ஒரு பாலம்.
நான்கு விநாடி.
சொல் பளிச்சென்று எரிந்தது.

தேடிப் பார்த்தேன்.
சேவ் ஃபைல் எதுவும் பயணம் போகவே இல்லை.
சி-யில், என் பெயருக்குக் கீழே,
மறைத்து வைத்த ஏதோ ஒரு ஃபோல்டரில்
இத்தனை நேரமும் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.
பன்னிரண்டு எம்பி.
நான் மாரில் அணைத்துத் தூக்கியதெல்லாம்
யார் வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய மலைகள்.

வீட்டுக்கும் அப்படி ஒரு ஃபோல்டர் இருக்குமா,
இருந்தால் அது எந்த டிரைவில் என்று
எஸ்கிலுக்கு எழுதி, அழித்தேன்.
இரண்டு மணிக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா.

அவனே எழுதினான்:
'தூங்கலையா? கப்பல் ஆட்டம் பாதி விலை.
நூற்றிருபது ஜிபி. வர்றியா?'

எங்கே நிறுவட்டும் என்று கேட்டது.
பழக்க தோஷம்,
சி என்றேன்.